களை களையும் கைத்தொண்டு

சிவாலயத் திருச்சுற்றில் நால்வர் பெருமக்கள் வரிசையாக எழுந்தருளியிருப்பதைக் கண்டு வணங்காத அடியார் இலர். திருஞானசம்பந்தர் கையில் தாளம் இருக்கும். மாணிக்கவாசகர் கையில் ஏட்டுச்சுவடி இருக்கும். திருநாவுக்கரசருக்கு மட்டும் தோளோடு சார்ந்து நீண்ட காம்புடைய ஓர் இரும்புக் கருவி இருக்கும். அதுவே உழவாரம். திருமுறைகளில் 4, 5, 6 ஆகிய மூன்றும் அவர் திருவாக்கு. நாவுக்கு அரசர் என்று இறைவனே பெயர் சூட்டிய அத்தகைய பெருமானுக்குச் சிற்பிகள் அடையாளமாகத் தந்தது எழுத்தாணி அன்று. புல் செதுக்கும் கருவி.

வலம் வரும் அடியாரின் காலில் முள் தைக்கலாகாது என்பதற்காகவே அவர் அக்கருவியை ஏந்தினார் என்று பெரியோர் சொல்வர். தம்பி உழவாரம் ஏந்துவதற்கு முன்பே, தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் விடியற்காலையில் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, பூக்கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்து வந்தார். சூலை நோயோடு ஓடிவந்த தம்பியை அத்தொண்டின் நடுவேதான் அவர் ஏற்றுக்கொண்டார். பதிகம் பிற்பாடு வந்தது. துடைப்பம் முன்பே இருந்தது.

நாவுக்கரசரின் வாழ்நாள் 81 ஆண்டுகள் என்பது மரபு. அவ்வாழ்நாளின் இறுதிப் பகுதியைத் திருப்புகலூரில் கழித்தார். தள்ளாத வயது என்று உலகம் சொல்லும் அந்நாளிலும் திருமுற்றத்தில் உழவாரப் பணியை அவர் விடவில்லை. உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றுமாறு இறைவன் சோதித்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவரோ பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடு கல்லாக வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்தார். களைய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்னும் தெளிவு அந்தக் கைக்கு இருந்தது.

அந்தத் திருப்புகலூரே முருக நாயனாரின் ஊர். கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் பொழுதறிந்து கொய்து, மாலையாக்கிச் சாத்திய தொண்டர் அவர். வைணவ மரபிலும் இத்தொண்டு குறைந்ததன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த துளசி வனத்தில்தான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்த தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமேனியைக் கையில் பூக்குடலையோடுதான் வடித்திருக்கின்றனர். பூவைப் பாடும் அன்பர்கள் பலர். அந்தப் பூவுக்காக இப்பெரியோர் பறித்த களை எத்தனை என்பதை எண்ணுவார் சிலர். நந்தவனத்தில் நட்டுவிட்டு வந்துவிடலாம். நட்டது பிழைப்பது களையெடுக்கும் கையால்.

ஒரு சிற்றூர் நந்தவனம்

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். அங்குள்ள சிவன் கோயிலின் பின்புறம் 20 சென்ட் பரப்பில் ஒரு நந்தவனம் உண்டு. நடுவே ஒரு கிணறு. சுவாமிக்கு அபிஷேக நீர் அந்தக் கிணற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. வில்வம், பவழமல்லி, நந்தியாவட்டை, செவ்வரளி, முல்லைக்கொடி எல்லாம் ஒரு காலத்தில் அங்கே செழித்திருந்தன. நந்தவனத்தைப் பார்த்துவந்தவர் முதுமையால் நின்றபின் அந்த இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஓரங்களில் சீமைக்கருவேலம் புகுந்தது. நடுவில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்தது. அதற்கும் கீழே கோரை பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது. சுவாமிக்குப் பூ, பக்கத்து நகரத்துப் பேருந்தில் பிளாஸ்டிக் பையில் வந்திறங்கியது.

கும்பாபிஷேகத்துக்கு முன்னர் உழவாரப் பணிக்குழுவினர் 40 பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தனர். மாலைக்குள் நந்தவனம் மொட்டைத் தரையாயிற்று. ஊரார் மகிழ்ந்தனர். ஐப்பசி மழை பெய்தது. மூன்றே வாரத்தில் தரை மீண்டும் பச்சையாயிற்று. மார்கழிக்குள் உள்ளே செல்லவே வழியில்லை. குழுவினர் செய்தது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் மறுநாள் காலை தொடர்வதற்கு ஊரில் ஒரு கை இல்லை என்பதே குறை.

அந்தக் கை வந்த இடம் எதிர்பாராதது. அவ்வூரில் தபால் அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 74 வயதுப் பெரியவரும் அவர்தம் மனைவியும் வாழ்ந்தனர். அம்மையாருக்கு வயது 70. கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயால் வலக்கண் முன்பே மங்கிவிட்டது. இடக்கண்ணில் நேரே உள்ளது மட்டும் குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரியும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கவே சொட்டு மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சென்னையில் வாழும் மகள், தை மாதத்தில் இருவரையும் அழைத்துப் போவதாக உறுதி செய்திருந்தாள்.

ஒரு பிரதோஷத்தன்று அர்ச்சனைப் பூவைக் கையில் வாங்கிய அம்மையார் அதை முகர்ந்து பார்த்தார். பூவில் பூவின் மணம் இல்லை. பையின் மணம் இருந்தது. "நந்தவனத்திலே அந்தப் பவழமல்லி இன்னும் இருக்கா, பாருங்க" என்றார் கணவரிடம். பெரியவர் மதிலோரம் நின்று எட்டிப் பார்த்தார். "இருக்கு. ஒரு கிளையிலேதான் உயிர் இருக்கு" என்றார். மறுநாள் காலை இருவரும் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஒரு மண்வெட்டியோடு உள்ளே நுழைந்தனர்.

கோரையின் உருத்திராக்க மாலை

முதல் நாள் பெரியவர் பவழமல்லியைச் சுற்றி நாலு முழச் சதுரத்தில் கோரையை வெட்டித் தள்ளினார். ஒரு மணி நேரத்தில் இடம் துப்புரவாயிற்று. ஆறாம் நாள் அதே இடத்தில் ஊசி ஊசியாகப் பச்சை எழுந்து நின்றது. உழவர் குடியில் பிறந்த அம்மையாருக்கு அது வியப்பாக இல்லை. "நீங்க பண்ணினது முடி வெட்டினமாதிரி. கோரைக்குத் தலை மேலே இல்லை; கீழே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. கோரையின் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் கருநிறக் கிழங்கில் இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கைப் பிடிக்கும், அதிலிருந்து இன்னொன்று. இப்படி உருத்திராக்க மாலை போல் மண்ணுக்குள் கோத்துக்கொண்டே போகும். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண் ஓரடிக்குள்ளேயே கிடக்கும். மண்வெட்டியால் ஓங்கி வெட்டினால் மாலை அறும். அறுந்த மணிகள் தனித்தனியே முளைக்கும். வேகமாகக் கொத்தும் கை கோரையைக் குறைப்பதில்லை, பெருக்குகிறது.

ஆகவே முறை மாறிற்று. முந்தின நாள் மாலையில் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கி வைத்தனர். காலையில் பெரியவர் கடப்பாரையால் மண்ணை நெம்பி எழுப்பித் தருவார். அம்மையார் ஒரு மணைப்பலகையில் அமர்ந்து, கட்டி கட்டியாக உதிர்த்து, கிழங்கை விரலால் தேடி எடுத்து இரும்புச் சட்டியில் இடுவார். எடுத்த கிழங்கைக் குப்பைக் குழியில் கொட்டக் கூடாது. அங்கே போய் முளைத்துக்கொள்ளும். வெயிலில் காயும் சிமெண்டுத் தரையில் பரப்பி, சுருங்கிச் சாகும்வரை விட்டுவிட வேண்டும். மாசியும் பங்குனியும் சித்திரையும் இதற்கு ஏற்ற காலம். நாட்டு மருந்தில் கோரைக்கிழங்குக்கு மதிப்பு உண்டாதலால், ஒரு பகுதியைக் கழுவி உலர்த்தி மருந்துக் கடைக்காரருக்குக் கொடுத்தனர்.

ஒரு நாளைக்கு நாலு முழச் சதுரம்; இரண்டு நாழிகை நேரம். அதற்குமேல் உடம்பு இடம் கொடுத்தாலும் செய்வதில்லை. அதைவிட முக்கியமான விதி இன்னொன்று இருந்தது. புதுப் பாத்தியில் கைவைக்குமுன் பழைய பாத்திகளை ஒரு சுற்று வந்து, அங்கே புதிதாகத் தலைநீட்டியதை எடுத்துவிட வேண்டும். பச்சை இலை வெயிலில் சமைக்கும் உணவே கிழங்கைக் கொழுக்க வைக்கிறது. சமைக்கவிடாமல் இலையை எடுத்துக்கொண்டே வந்தால், தப்பிய கிழங்கும் நாளடைவில் பட்டினியால் மெலிந்துபோகும். நித்திய பூஜை ஒரு நாள் நின்றால் மறுநாள் பரிகாரம் செய்யலாம். கோரைக்கு விட்ட ஒரு மாதத்தை ஈடுசெய்ய மூன்று மாதம் வேண்டும்.

துப்புரவான பாத்தியை வெறுந்தரையாகவும் விடவில்லை. வெறுந்தரை களைக்குத் தரும் அழைப்பிதழ். கோரைக்கு நிழல் ஆகாது. எனவே காராமணி விதைத்துத் தரையை மூடினர். செடியடியில் சருகும் தென்னையோலையும் பரப்பினர். அந்தக் காராமணி நவராத்திரியில் ஒரு நாள் சுண்டலாகி அம்பாளுக்கு நிவேதனமாயிற்று.

பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்

பார்த்தீனியம் பெரியவரின் பொறுப்பு. இது இம்மண்ணுக்கு உரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்துப் பூண்டு; 1950-களின் நடுவில் புணேயில் கண்ணில் பட்டு, பின்பு நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். பூந்தூள் மூச்சுத் திணறலை உண்டாக்கும். ஆதலின் அம்மையாரின் வெறுங்கை அதன் பக்கம் போகாமல், பெரியவரே கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடி, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கினார். வெண்பூ பூப்பதற்கு முன் பிடுங்கியது எருக்குழிக்குப் போகலாம். பூத்துவிட்டதை எருக்குழியில் இட்டால், அடுத்த ஆண்டு எருவோடு விதையும் பாத்திக்கு வந்து சேரும்.

சீமைக்கருவேலத்துக்கு முதியவர் கை போதாது. அதற்கு ஆள் வைத்தனர். தரையோடு அறுத்துவிட்டால் அது சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாக எழும். கட்டையைச் சுற்றிப் பள்ளம் பறித்து, தூரோடு கிளப்ப வேண்டும். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைய வேண்டும், முற்றினால் அது களைபவர் கையையே கிழிக்கும் என்று வள்ளுவர் பகைக்கு உவமையாகச் சொன்னது நந்தவனத்துக்கும் பொருந்தும். முதல் ஆண்டில் விரலளவு இருந்தபோது ஒரு குழந்தை பிடுங்கியிருக்கக்கூடிய செடிக்கு, பின்னர் இரண்டு ஆள் கூலி ஆயிற்று.

கிணறு சொன்ன தீர்ப்பு

இரண்டாம் மாதம் பெரியவரின் முழங்கால் வீங்கியது. அப்போது ஊர் இளைஞர் ஒருவர் முதுகில் தெளிப்பானோடு வந்தார். "தாத்தா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஒரு டேங்க் மருந்து அடிச்சா பதினைஞ்சு நாள்ல எல்லாம் கருகிடும்" என்றார். அன்பினால் சொன்ன சொல் அது. பெரியவர் மனம் இளகிவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அம்மையார் கோபிக்கவில்லை. "தம்பி, வயல்லே ஆள் கிடைக்காதவங்க அடிக்கிறாங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. இங்கே நடுவிலே கிணறு இருக்கு. அந்தத் தண்ணியிலேதான் சுவாமிக்கு அபிஷேகம். தீர்த்தம்னு குழந்தைகளுக்கும் கொடுக்கறோம்" என்றார். சற்று நிறுத்தி, "காத்திலே ஒரு துளி பட்டாலும் அந்த ஒத்தைக் கிளைப் பவழமல்லி தாங்காது" என்றார்.

இளைஞர் கிணற்றைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தெளிப்பானை இறக்கி வைத்தார். அடுத்த சனிக்கிழமை இரண்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு கடப்பாரையோடு வந்து நின்றார். பெரியவரின் முழங்காலுக்கு அன்றுமுதல் ஓய்வு கிடைத்தது. முதியவர்கள் தொடங்கி வைத்த பணிக்கு இளையவர்கள் வந்து சேர்வதற்கு அழைப்பு ஏதும் தேவைப்படவில்லை. பணி நடந்துகொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது.

விரல் நுனியில் கண்

ஆவணி பிறந்தபோது அம்மையாரின் பார்வை மேலும் குறைந்தது. தலையை நெடுநேரம் தொங்கவிட்டுக் குனிந்து வேலை செய்யக் கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறும் என்று மருத்துவர் எச்சரித்தார். அத்துடன் பணி முடிந்தது என்றே பெரியவர் எண்ணினார். மறுநாள் அம்மையார் மணைப்பலகைக்குப் பதில் சற்று உயர்ந்த முக்காலியைக் கேட்டார். பாத்தி கைக்கு எட்டும் மேட்டில் அமர்ந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை மூடி விரலால் துழாவலானார்.

கோரையின் தண்டுக்கு மூன்று விளிம்பு உண்டு. விரலிடுக்கில் உருட்டினால் முக்கோணம் தெரியும். அருகின் தண்டு மெலிந்து, கணுக்கணுவாக ஓடும்; கணுதோறும் மண்ணைப் பிடித்திருக்கும். துளசிக்கும் தும்பைக்கும் தண்டு சதுரம். சதுரமாகத் தட்டுப்பட்டால் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார்; இன்னது என்று தெரிந்ததும் அதைச் சுற்றி மண் அணைத்துவிட்டு அப்பால் நகர்வார். உதவிக்கு வந்த இளைஞர்கள் கண்ணிருந்தும் கோரையோடு சேர்த்துத் தும்பையைப் பறித்துப் போட்டதுண்டு. "பார்த்துப் பறிக்காதே, தொட்டுப் பறி" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பார்வை மங்கிய அந்த அம்மையார்.

திருவாரூர்த் தண்டியடிகள் வரலாற்றை அடியார்கள் அறிவர். பிறவியிலேயே பார்வையற்ற அவர், கோயிலின் மேற்பால் குளம் தூர்ந்து கிடந்ததைக் கண்டு வருந்தினார். குளத்தினுள்ளும் கரையிலும் கம்பு நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே சென்று மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டினார். கயிறே அவருக்குக் கண்ணாயிற்று. முடிவில் இறையருளால் தண்டியடிகளுக்குப் பார்வை கிடைத்தது. சிற்றூர் அம்மையாருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவர் வருந்திச் சொன்னதை யாரும் கேட்டதுமில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த நாள்களிலும் தண்டியடிகள் தொண்டர்தாமே. பார்வை வந்தபின் தொண்டரானவர் அல்லரே.

களையென்று தள்ளலாகாதவை

நந்தவனத்தில் களையெடுப்போர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வயலில் களையென்று எறியப்படுபவற்றுள் பல, சந்நிதியில் அர்ச்சனைப் பொருள்கள். அருகைப் பாத்தியிலிருந்து அகற்றாவிட்டால் பூச்செடி பிழைக்காது. அதே அருகு இல்லாமல் விநாயகருக்கு வழிபாடு நிறைவதில்லை. அது வேரூன்றும் திறத்தைத் தோட்டக்காரர் நொந்துகொள்வார். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று பெரியோர் அத்திறத்தையே வாழ்த்தாக்கி மணமக்களுக்கு வழங்குவர். தும்பையும் எருக்கும் ஊமத்தையும் சிவபெருமானுக்கு உகந்தவை. விநாயகர் சதுர்த்திக்குரிய 21 பத்திரங்களில் நாயுருவியும் கண்டங்கத்திரியும் இடம்பெறுகின்றன.

ஆகவே அம்மையார் மதிலோரம் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு வரிசையை ஒதுக்கச் சொன்னார். பாத்திகளிலிருந்து எடுத்த அருகு, தும்பை, எருக்கு, நாயுருவி ஆகியவை அங்கே இடம்பெற்றன. ஊமத்தை நஞ்சுள்ளதாதலால் குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் வைத்தனர். அருகு மீண்டும் பாத்திக்குள் ஓடாதபடி நடுவே செங்கல்லைக் குத்துக்கல்லாகப் புதைத்து வரம்பு கட்டினர். அவ்வாண்டு விநாயகர் சதுர்த்திக்கு ஊரார் பத்திரம் தேடி அலையவில்லை. கோயில் நந்தவனத்திலேயே பெரும்பாலானவை கிடைத்தன.

கோபுரத்திலும் விமானத்திலும் முளைக்கும் அரசுக்கும் ஆலுக்கும் இந்தக் கணக்கே. தலமரமாக நிற்குமிடத்தில் அதை வலம் வருவர். விமானத்து இடுக்கில் முளைத்தால் அதன் வேர் கல்லைப் பிளக்கும். சிறிதாக இருக்கும்போதே பயிற்சி உள்ளோரைக்கொண்டு வேரோடு எடுத்து வேறிடத்தில் நட்டுவிட்டால் கோபுரமும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

தை மாதம்

நவராத்திரிக்கு மகள் வந்தாள். புதருக்குள் கண் தெரியாத தாய் அமர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, உடனே அழைத்துப் போய்விடும் முடிவோடு வந்தவள். அவள் அச்சத்திலும் நியாயம் இருந்தது. புதரில் பாம்பு இருக்கும். தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

"அங்கே உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லை. அங்கே வந்தா நாற்காலியிலே உட்கார்ந்திருப்பேன். எல்லாத்தையும் நீங்க என் கையிலே கொண்டுவந்து கொடுப்பீங்க" என்றார் தாய். "இங்கே என் கையாலே சுவாமிக்குக் கொடுக்க ஏதோ இருக்கு."

மறுநாள் காலை மகளும் நந்தவனத்துக்கு வந்தாள். தாய் அமருமுன் தந்தை மூங்கில் கழியால் சுற்றிலும் தட்டி, சற்றுப் பொறுத்து, பிறகே முக்காலியை வைப்பதைக் கண்டாள். விரல்கள் மண்ணில் நடப்பதையும், முக்கோணத் தண்டு தட்டுப்பட்டதும் நிற்பதையும், அதன் அடியைப் பற்றிக் கிழங்கோடு மேலே வருவதையும் அருகில் அமர்ந்து பார்த்தாள். வீட்டில் தம்ளரைத் தேடித் தடுமாறும் கை, அங்கே தடுமாறவில்லை.

புறப்படும்போது அவள் மூன்று நிபந்தனைகள் சொன்னாள்: துணையின்றி அம்மா நந்தவனத்தில் இருக்கக் கூடாது, சொட்டு மருந்து ஒரு வேளையும் தவறக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குச் சென்னை வர வேண்டும். "தை மாதம்னு சொன்னேன் இல்லையா, அது இப்போ இருக்கட்டும்" என்றாள். பெரியவர் அன்று மாலையே கைபேசியில் சொட்டு மருந்து வேளைக்கு மணி வைத்துக்கொண்டார்.

ஓராண்டு நிறைந்தபோது 20 சென்டில் 12 சென்ட் பாத்தியாகியிருந்தது. நந்தியாவட்டையும் அரளியும் நாள்தோறும் அர்ச்சனைக்குப் போதுமான அளவு பூத்தன. பவழமல்லியில் புதிதாக மூன்று கிளைகள் தழைத்தன. விசேஷ நாள்களின் மாலைக்கு இன்னும் நகரத்துப் பூதான் வருகிறது. கிணற்றோரத்தில் கோரை இன்னும் இருக்கிறது. ஈரம் ஓயாத இடமாதலால் அங்கே அது எளிதில் விடுவதாயில்லை. அவர்களும் விடுவதாயில்லை.

முதியோர்க்கு வாய்த்த பணி

வயது ஏறியபின் கோயிலில் தமக்கு இனி என்ன பணி என்று மனம் தளரும் அடியார் பலர். பிரகாரத்தைப் பன்முறை வலம் வர முடியவில்லை, படியேற முடியவில்லை, தேர்வடம் பிடிக்க முடியவில்லை என்று வருந்துவர். களையெடுப்பு அவர்களுக்கு ஏற்ற தொண்டு. அதற்கு வேகம் வேண்டாம். வேகம் அதற்குத் தீங்கு. வலிமையும் மிகுதியாக வேண்டியதில்லை. நாள்தோறும் வரும் பொறுமையும், இன்னது களை, இன்னது பத்திரம் என்று பிரித்தறியும் முதிர்ச்சியுமே வேண்டும். இவ்விரண்டும் இளமையில் அரிது, முதுமையில் இயல்பு.

தொடங்க விரும்புவோர் கோயில் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒரு முழ இடத்தைத் தேர்ந்துகொண்டால் போதும். விடியற்காலையும் அந்தியும் இருள் பிரியாத நேரமாதலால், நன்கு வெளிச்சம் வந்தபின்னரே புதரருகே செல்ல வேண்டும். கழியால் தட்டாமல் கை நீட்டலாகாது. தண்ணீர் அருந்திவிட்டுச் செல்வதும், தனியே செல்லாதிருப்பதும் நன்று. குனிய இயலாதோர் முக்காலியில் அமரலாம். அதுவும் இயலாதோர் பறித்த களையிலிருந்து தும்பையையும் அருகையும் பிரித்துக் கட்டிக் கொடுக்கலாம்.

சித்திரைச் சதயம் நாவுக்கரசர் இறைவன் திருவடி சேர்ந்த நாள். அன்று பல கோயில்களில் குருபூஜை நடைபெறும். உழவாரப் பணியும் நடைபெறும். அன்று பலர் கூடிச் செதுக்கிய தரையில் மறுநாளும் புல் முளைக்கும். திருப்புகலூர்த் திருமுற்றத்திலும் அவ்வாறே முளைத்திருக்கும்; 81 வயதுத் தொண்டர் அதை அறிந்தேதான் நாள்தோறும் உழவாரத்தைக் கையில் எடுத்தார். சதயத்துக்கு அடுத்த நாள் காலையில் ஒரு முழ நிலத்தின் அருகே ஒரு முதியவர் வந்து அமர்ந்தால், அத்தொண்டு அங்கே தொடர்கிறது.